மிடறும் மின்னிலக்கமும்: விழுங்கல் இடர்ப்பாட்டுக்கு உதவும் புதிய கருவிகள்

‘மிடறு’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள்கள் உள்ளன. தொண்டை என்பது ஒன்று. ஒரு தடவை விழுங்கும் அளவு என்பது மற்றொன்று. ‘ஒரு மிடறு தண்ணீர்’ என்னும்போது உறுப்பின் பெயரே அளவின் பெயராகிவிடுகிறது. தொல்காப்பியத்தின் பிறப்பியல், எழுத்தொலிகள் பிறக்கும் இடங்களைக் கூறும்போது, இந்த மிடற்றோடு நாவையும் பல்லையும் இதழையும் அண்ணத்தையும் சேர்த்து எண்ணுகிறது. சோற்றுக் கவளத்தை மென்று திரட்டி உள்ளே அனுப்புவதற்கும் இதே உறுப்புகள்தாம் நமக்கு உதவுகின்றன. பேசும் வாயும் உண்ணும் வாயும் ஒன்றாக இருப்பதால், பேச்சு சிகிச்சையாளர்கள் என்று நாம் அறிந்திருப்போரே விழுங்கல் இடர்ப்பாட்டுக்கும் சிகிச்சை அளிக்கின்றனர். மொழிக்கென அமைந்த உரைத்தொடர் ஒன்றில் விழுங்குதலைப் பற்றிய கட்டுரை இடம்பெறுவதற்கு இவ்வுறவு ஒரு காரணம். இச்சிகிச்சையின் பெரும்பகுதி சொல்லால் நடைபெறுகிறது என்பது இரண்டாவது காரணம். அதனை இறுதிப் பகுதியில் காண்போம்.

சிங்கப்பூரில் 2030ஆம் ஆண்டளவில் குடிமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதைக் கடந்தவராக இருப்பார். மலேசியாவும் மூப்படைந்துவரும் நாடே. வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவர்களில் பலர், தாத்தாவோ பாட்டியோ உடனிருக்கும் இல்லங்களிலிருந்து வருகின்றனர். ஆதலால், விழுங்கல் இடர்ப்பாட்டை மருத்துவமனைச் செய்தியாக மட்டும் கருத இயலாது. அது வீட்டுச் சாப்பாட்டு மேசையின் செய்தியும் ஆகும்.

ஒரு நொடியில் நிகழும் ஒழுங்கு

நலமுள்ள ஒருவர் ஒரு நாளில் 500 முறைக்கு மேல் விழுங்குகிறார். உமிழ்நீரை விழுங்குவதும் இதில் அடங்கும். உணவு வாயில் இருக்கும்வரை இச்செயல் நம் விருப்பத்துக்கு உட்பட்டது. நாக்கு கவளத்தைத் திரட்டி, அண்ணத்தை அழுத்தியவாறு பின்னோக்கித் தள்ளுகிறது. கவளம் தொண்டையின் வாயிலைத் தொட்டதும் மூளைத்தண்டு பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. மென்னண்ணம் உயர்ந்து மூக்குக்குச் செல்லும் வழியை அடைக்கிறது. மோவாய்க்கு அடியிலுள்ள தசைகள் நாவடி எலும்பையும் குரல்வளையையும் மேலும் முன்னும் இழுக்கின்றன. குரல்வளை மூடி மடிந்து மூச்சுவழியை மறைக்க, அதற்குக் கீழே குரல் நாண்கள் இறுக மூடிக்கொள்கின்றன. மூச்சு ஒரு கணம் நிற்கிறது. உணவுக்குழாயின் மேல்வாயில் திறக்க, கவளம் இறங்குகிறது. அதன்பின் மூச்சு மீள்கிறது.

தொண்டையில் நிகழும் இவ்வளவு செயலுக்கும் ஏறத்தாழ ஒரு நொடியே ஆகிறது. முப்பதுக்கும் மேற்பட்ட தசைகளும் மூளையிலிருந்து நேராக வரும் பல நரம்புகளும் இதில் பங்கேற்கின்றன. காற்று செல்லும் வழியும் உணவு செல்லும் வழியும் தொண்டையில் ஒன்றையொன்று குறுக்கிடுவதால், இந்த ஒரு நொடியின் ஒழுங்கு உயிரைக் காக்கும் ஒழுங்காகிறது.

அந்த ஒழுங்கு பல காரணங்களால் குலையலாம். பக்கவாதம் முதன்மையான காரணம். பக்கவாதத்துக்கு ஆளானோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் தொடக்க நாள்களில் விழுங்குவதற்கு இடர்ப்படுகின்றனர். பார்க்கின்சன் நோய், முதுமை மறதி நோய், தலை கழுத்துப் பகுதிப் புற்றுநோய், அதற்கு அளிக்கப்படும் கதிர்வீச்சுச் சிகிச்சை ஆகியனவும் காரணங்களே. மூக்குக்குப் பின்னாலுள்ள தொண்டைப் பகுதியில் தோன்றும் புற்றுநோய் தென்சீனத்திலும் தென்கிழக்காசியாவிலும் மிகுதியாகக் காணப்படுவது. அதற்குக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்தும் விழுங்கும் தசைகள் விறைத்துப்போவதுண்டு. எந்த நோயும் இல்லாவிடினும், வயது ஏற ஏற, கைகால் தசைகளைப் போலவே நாக்கின் தசையும் வலிமை குன்றுகிறது.

புரையேறுதல்

உணவோ நீரோ மூச்சுவழியின் பக்கம் சென்றுவிட்டால் நாம் இருமுகிறோம். இதற்குத் தமிழில் ‘புரையேறுதல்’ என்னும் அழகிய சொல் இருக்கிறது. சாப்பிடும்போது ஒருவருக்குப் புரையேறினால், யாரோ அவரை நினைத்துக்கொள்கிறார்கள் என்று சொல்லி உச்சந்தலையைத் தட்டுவது நம் இல்லங்களின் வழக்கம். அன்பினால் பிறந்த வழக்கம் அது. என்றோ ஒரு நாள் புரையேறினால் அவ்வாறு சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் மூத்தவர் ஒருவருக்கு ஒவ்வொரு வேளையும் புரையேறுமாயின், அது உடல் தரும் எச்சரிக்கை என்று கொள்ள வேண்டும்.

புரையேறாமல் இருப்பது எப்போதும் நலத்தின் அறிகுறியும் ஆகாது. நரம்பின் உணர்ச்சி மங்கியவர்களுக்கு உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் இருமல் வருவதில்லை. மருத்துவர்கள் இதனை ஓசையற்ற உட்புகுதல் என்பர். வெளியே எதுவும் தெரியாது. சில நாள்களில் காய்ச்சலாகவும் நுரையீரல் அழற்சியாகவும் அது வெளிப்படலாம். உண்டபின் குரல் ஈரம் படிந்ததுபோல் கரகரத்தல், ஒரு வேளை உணவுக்கு மிக நீண்ட நேரம் எடுத்துக்கொள்ளுதல், கன்னத்தின் உள்ளே உணவு தேங்கிநிற்றல், காரணமின்றி எடை குறைதல், சளிக்காய்ச்சல் திரும்பத் திரும்ப வருதல் ஆகியவை குடும்பத்தினர் கவனிக்கவேண்டிய அறிகுறிகள்.

இவ்விடர்ப்பாட்டுக்கு மற்றொரு முகமும் உண்டு. அடிக்கடி இருமுவதற்கு நாணி, மூத்தவர்கள் பிறரோடு அமர்ந்து உண்பதைத் தவிர்க்கின்றனர். திருமண விருந்துக்கு வர மறுக்கின்றனர். உணவங்காடி நிலையத்தில் நண்பர்களுடன் தேநீர் பருகுவதைக் கைவிடுகின்றனர். ‘பசிக்கவில்லை’ என்று அவர்கள் சொல்லும் சொல்லுக்குப் பின்னால் அச்சம் மறைந்திருக்கலாம். நுரையீரலுக்கு நேரும் தீங்கை ஊடுகதிர்ப் படம் காட்டிவிடும். இந்தத் தனிமையை உடனிருப்போர்தாம் கண்டறிய வேண்டும்.

காண இயலாததைக் காட்டுதல்

முழங்கால் வலிக்குப் பயிற்சி செய்பவர் தம் காலைக் கண்ணால் காண்கிறார். விழுங்குதலோ உள்ளே, இருளில் நிகழ்கிறது. அதனைக் கண்ணுக்குக் கொண்டுவந்தமையே இத்துறையில் கருவிகள் செய்த முதற்பணி.

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரி லோகிமன், பேரியம் கலந்த உணவை நோயாளி விழுங்கும்போது அதனை ஊடுகதிர் ஒளிப்படமாகப் பதிவுசெய்து ஆராயும் முறையை வளர்த்து, 1983இல் இத்துறையின் அடிப்படை நூலை வெளியிட்டார். 1988இல் சூசன் லாங்மோரும் அவர்தம் குழுவினரும், மூக்கின் வழியே மெல்லிய அகநோக்கியைச் செலுத்தித் தொண்டையை மேலிருந்து காணும் முறையை அறிவித்தனர். இரண்டும் இன்றும் முதன்மைச் சோதனைகளாக விளங்குகின்றன. ஊடுகதிர்ப் படத்தில் விழுங்கலின் முழுப்பாதையும் தெரியும். ஆயினும் கதிர்வீச்சின் காரணமாக நீண்ட நேரம் பதிவுசெய்ய இயலாது. அகநோக்கியில் கதிர்வீச்சு இல்லை. ஆனால் விழுங்கும் அந்தக் கணத்தில் தொண்டைச் சுவர்கள் நெருங்கிவருவதால் திரை முழுவதும் வெண்மையாகிவிடும். ஒரு முறையின் குறையை மற்றொரு முறை ஈடுசெய்கிறது.

பதிவு மின்னிலக்கமானபின் இதில் பெரிய மாற்றம் ஏற்பட்டது. நொடிக்கு 30 படங்களாகப் பதிவானதைச் சிகிச்சையாளர் ஒவ்வொரு படமாக நிறுத்திப் பார்க்கலாம். குரல்வளை எத்தனையாவது படத்தில் மூடிற்று, நீர் அதற்கு முன்னரே அங்கு வந்துவிட்டதா என்பதைக் கணக்கிடலாம். ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குத் தாமதமும் கண்ணுக்குத் தெரிகிறது. நாவடி எலும்பின் நகர்வைக் கணினியே பின்தொடர்ந்து அளப்பதற்கும், கழுத்தின் மேற்புறத்தில் ஒட்டிய உணர்கருவி பதியும் அதிர்வுகளிலிருந்து விழுங்கலை மதிப்பிடுவதற்கும் ஆய்வுகள் நடைபெறுகின்றன. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் இத்துறையில் குறிப்பிடத்தக்கது.

பயிற்சிக்கு ஒரு கண்ணாடி

சோதனை இடர்ப்பாட்டைக் காட்டும். அதனைக் குறைப்பது பயிற்சியே. 1997இல் ரேசா ஷேக்கர் என்னும் மருத்துவரின் குழு மூத்தோருக்கென ஒரு பயிற்சியை அறிவித்தது. மல்லாந்து படுத்து, தோள்கள் தரையைவிட்டு எழாமல், தம் கால்விரல்கள் தெரியும் அளவுக்குத் தலையை மட்டும் தூக்க வேண்டும். ஒரு நிமிடம் தூக்கி நிறுத்தி, ஒரு நிமிடம் ஓய்ந்து, இவ்வாறு மூன்று முறை; பின்னர் நிறுத்தாமல் 30 முறை தூக்கி இறக்க வேண்டும். நாளுக்கு மூன்று வேளையாக ஆறு வாரங்கள் இதனைச் செய்தல் வேண்டும். இது மோவாய்க்கு அடியிலுள்ள தசைகளை வலுப்படுத்தி, உணவுக்குழாயின் மேல்வாயில் நன்கு திறக்க உதவுகிறது. பயன் தரும் பயிற்சியேயாயினும், தளர்ந்த முதியவருக்கும் கழுத்து வலி உள்ளவருக்கும் கடினமானது.

இவ்விடத்தில் சிங்கப்பூருக்கு ஒரு பங்கு உண்டு. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் ஒரு மாற்றுப் பயிற்சியை வெளியிட்டனர். நாற்காலியில் அமர்ந்தபடியே மோவாய்க்கும் மார்புக்கும் இடையில் ரப்பர்ப் பந்தொன்றை வைத்து, மோவாயால் அதனை அழுத்துவதே அப்பயிற்சி. தசை சுருங்கும்போது எழும் மிகச்சிறு மின்குறிகளைத் தோலின் மேலிருந்தே அளக்கும் கருவியைக் கொண்டு, நலமுள்ளோரிடம் இரு பயிற்சிகளையும் ஒப்பிட்டனர். பந்தை அழுத்தும்போது தசையின் செயற்பாடு தலைதூக்கும் பயிற்சியைவிடக் கூடுதலாகவே பதிவாயிற்று. படுத்தெழ வேண்டியதில்லை, விலைமிகுந்த பொருளும் தேவையில்லை. இன்று பல நாடுகளில் இப்பயிற்சி கையாளப்படுகிறது.

தோலின் மேலிருந்து தசையின் மின்குறியை அளக்கும் அக்கருவி ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. அதன் அளவைத் திரையில் ஒரு கோடாக ஓடவிட்டால், நோயாளியே தம் விழுங்கலைக் காணலாம். பலமாக விழுங்கும்போது கோடு உயர்கிறது. சோர்வாக விழுங்கும்போது தாழ்கிறது. ‘குரல்வளையை மேலேயே சற்று நிறுத்திவையுங்கள்’ என்று சிகிச்சையாளர் சொல்லும் கட்டளை, கேட்பவருக்குப் புதிராகத் தோன்றும். கோடு உயர்ந்தவாறே நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு முயலும்போது புதிர் அவிழ்கிறது. உடலின் செயலை உடனுக்குடன் உரியவருக்கே காட்டும் இம்முறையை உயிரியல் பின்னூட்டம் என்கிறோம். நடனம் பயில்பவருக்கு எதிர்ச்சுவரில் உள்ள கண்ணாடி செய்யும் உதவியை இத்திரை செய்கிறது.

நாக்குக்கும் இவ்வாறான கருவி உண்டு. காற்று நிறைந்த சிறு குமிழை நாக்குக்கும் அண்ணத்துக்கும் இடையில் வைத்து அழுத்தினால், அழுத்தத்தின் அளவை அது எண்ணாகக் காட்டும். 2005இல் ஜோஆன் ராபின்ஸ் குழுவினர் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், நலமுள்ள மூத்தோர் எட்டு வாரங்கள் இவ்வகைப் பயிற்சி செய்தபின் அவர்களின் நாக்கு வலிமை கூடியிருந்தது. முதுமையிலும் தசை கற்றுக்கொள்ளும் என்பதற்கு இது சான்று.

வலிமை மட்டும் போதுமா என்னும் வினாவும் எழுந்தது. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் மேகி-லீ ஹக்கபீ குழுவினர் உருவாக்கிய மென்பொருளில், திரையில் ஒரு சிறு கட்டம் தோன்றும். நோயாளி விழுங்கும்போது எழும் கோட்டின் உச்சி அக்கட்டத்துக்குள் விழ வேண்டும். மிகுந்த பலத்தோடு விழுங்கினாலும் இலக்குத் தவறும். முன்னரோ பின்னரோ விழுங்கினாலும் தவறும். உரிய பலத்தை உரிய கணத்தில் செலுத்தும் நுட்பத்தையே இது பயிற்றுகிறது. மத்தளம் கற்பவர் ஓங்கி அடிக்கக் கற்பதோடு நில்லாமல் தாளத்தில் அடிக்கவும் கற்பது போன்றது இது. பார்ப்பதற்கு விளையாட்டுப்போல் இருப்பதால், அலுப்பும் குறைகிறது.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு

தசைப் பயிற்சியின் பயன், அதனை இடைவிடாமல் செய்வதில் உள்ளது. வாரத்துக்கு ஒருமுறை மருத்துவமனையில் அரைமணி நேரம் செய்வது போதாது. கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுவோர் அந்நாள்களிலேயே விழுங்கல் பயிற்சியைத் தொடர்ந்து செய்தால் தசைகள் குறைவாகவே நலிகின்றன என்பதை அமெரிக்க ஆய்வொன்று 2012இல் காட்டியது. ஆயினும் வாய்ப்புண்ணோடும் களைப்போடும் இருப்பவரால் தாளில் எழுதித் தந்த பட்டியலை நாள்தோறும் பின்பற்றுவது எளிதன்று.

கருவிகள் சிறுத்துக் கைத்தொலைபேசியோடு இணைந்தமை இதற்கு வழிகாட்டியது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜானா ரீகர் குழுவினர் உருவாக்கிய ‘மொபிலி-டி’ என்னும் சிறு கருவி மோவாய்க்கு அடியில் ஒட்டிக்கொள்வது. கம்பியின்றித் திறன்பேசிச் செயலிக்கு அது தசையின் குறிகளை அனுப்புகிறது. தலை கழுத்துப் புற்றுநோயிலிருந்து மீண்டோர் தங்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்தே பயிற்சி செய்யலாம்; எத்தனை முறை செய்தார்கள் என்பதைச் சிகிச்சையாளர் தம் இடத்திலிருந்தே காணலாம்.

கருவி இல்லாத எளிய செயலிகளும் பல உள்ளன. அவை பயிற்சியைக் காணொளியாகக் காட்டும், நேரம் வந்ததும் நினைவூட்டும், செய்ததைக் குறித்துவைக்கும். இவற்றின் பயனை அளவிட பெல்ஜியத்தில் ஓர் ஆய்வு நடைபெற்றது. கதிர்வீச்சு பெற்றுவந்த புற்றுநோயாளிகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்குத் தாளில் அச்சிட்ட குறிப்பு. ஒரு குழுவுக்குச் செயலி. ஒரு குழுவுக்கு நேரில் வரும் சிகிச்சையாளர். பயிற்சியை மிகுதியாகக் கடைப்பிடித்தவர்கள் மூன்றாவது குழுவினரே. நினைவூட்டும் மணியோசையைப் புறக்கணிப்பது எளிது. எதிரில் அமர்ந்து ‘இன்று எப்படி இருக்கிறது?’ என்று கேட்கும் மனிதரைப் புறக்கணிப்பது அவ்வளவு எளிதன்று. கருவிகளின் பெருமையைப் பேசும்போது இந்த முடிவையும் நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

தொலைவிலிருந்து அளிக்கும் சிகிச்சை இவ்விரண்டையும் இணைக்கிறது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மிகப் பரந்த மாநிலம். சிற்றூர்களிலிருந்து வல்லுநரைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டும். அங்கு எலிசபெத் வார்டு குழுவினர், காணொளி வழியாக விழுங்கலை மதிப்பிடும் முறையை ஆராய்ந்தனர். நோயாளியின் அருகில் பயிற்சிபெற்ற உதவியாளர் ஒருவர் இருந்து, உணவையும் நீரையும் தருவார். வல்லுநர் தொலைவிலிருந்து பார்த்து முடிவெடுப்பார். அம்முடிவுகள் நேரில் பார்த்தோரின் முடிவுகளோடு பெரிதும் ஒத்திருந்தன. சபாவின் உட்பகுதியிலோ பகாங்கின் தோட்டப்புறத்திலோ வாழும் ஒருவருக்கு இம்முறையின் அருமை விளங்கும்.

சமையலறையின் அளவுகோல்

பயிற்சி பயன் தரும்வரை நோயாளி பாதுகாப்பாக உண்ண வேண்டும். இதற்கென உணவின் மென்மையையும் நீர்மத்தின் கெட்டித்தன்மையையும் 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாகப் பகுத்துள்ள பன்னாட்டு வரையறை ஒன்று வழக்கில் உள்ளது. அதன் சிறப்பு, எளிய சோதனைகள். ஊசி நீக்கிய 10 மில்லிலிட்டர் மருந்துக் குழலில் நீர்மத்தை நிரப்பி, 10 நொடி ஒழுகவிட வேண்டும். குழலில் 1 மில்லிலிட்டருக்கும் குறைவாக எஞ்சினால் அது நிலை 0. 1 முதல் 4 வரை எஞ்சினால் நிலை 1. 4 முதல் 8 வரை எஞ்சினால் நிலை 2. 8க்கு மேல் எஞ்சி, ஆயினும் ஒழுகிக்கொண்டிருந்தால் நிலை 3. சிறிதும் ஒழுகாவிடின் நிலை 4. எல்லாக் குழல்களும் ஒரே நீளத்தில் அமைவதில்லை. 0 முதல் 10 வரையுள்ள அளவுக்கோட்டின் நீளம் 61.5 மில்லிமீட்டராக உள்ள குழலையே பயன்படுத்த வேண்டும். இச்சோதனையைக் கைத்தொலைபேசியில் பதிவுசெய்து சிகிச்சையாளருக்கு அனுப்பினால், வீட்டில் கலக்கும் பானம் சரியான பதத்தில் உள்ளதா என்று அவர் சொல்லிவிடுவார்.

நம் வீட்டு உணவுகளை இவ்வளவுகோலோடு பொருத்திப் பார்க்கும்போது சில வியப்புகள் காத்திருக்கின்றன. நோயாளிக்கு ஏற்றதெனத் தலைமுறைகளாக நாம் நம்பிவரும் கஞ்சியில், பருக்கை ஒருபுறமும் நீர் ஒருபுறமுமாகப் பிரிந்து நிற்பதுண்டு. விழுங்கல் இடர்ப்பாடு உள்ளவருக்கு இவ்வாறு இரண்டும் கலந்த உணவே மிகக் கடினமானது; பருக்கையை மெல்லும்போதே நீர் தொண்டைக்குள் ஓடிவிடும். ரசம் ஊற்றிய சோறும் அத்தகையதே. அதே கஞ்சியை நன்கு மசித்து, நீர் பிரியாமல் ஒரே பதமாக்கினால் இடர் குறைகிறது. உரியவருக்கு எந்த நிலை ஏற்றது என்பதைச் சிகிச்சையாளர் மதிப்பிட்டுச் சொல்வார். அந்நிலைக்கு நம் சமையலைக் கொண்டுவருவது குடும்பத்தின் பணி.

கருவியின் எல்லை

மின்னிலக்கக் கருவிகள் எதைச் செய்யா என்பதை அறிவதும் கல்வியே. தசையின் மின்குறி திரையில் உயர்ந்தால், தசை உழைத்தது என்று பொருள். உணவு பாதுகாப்பாக இறங்கியது என்று பொருளன்று. நாக்கை அசைத்தாலும் தலையைக் குனிந்தாலும் கோடு உயரக்கூடும். ஓசையற்ற உட்புகுதலைக் கைத்தொலைபேசிச் செயலியைக் கொண்டு உறுதிசெய்ய இயலாது. அதற்கு ஊடுகதிரோ அகநோக்கியோ வேண்டும். மூச்சை அடக்கிச் செய்யும் பயிற்சிகள் இதய நோயுள்ள சிலருக்கு ஆகா. ஆதலால், முதலில் மதிப்பீடு, அதன்பின் கருவி என்பதே முறை. இணையத்தில் கண்ட பயிற்சியை மதிப்பீடின்றித் தொடங்குவது, கண்ணைச் சோதிக்காமல் பிறர் மூக்குக்கண்ணாடியை வாங்கி அணிவதை ஒக்கும். உண்ணும் முகத்தைப் படம்பிடித்து அனுப்புவதற்கு முன் அம்மூத்தவரின் இசைவைப் பெறுவதும் மறவாத கடமை. நோயாளியாயினும் அவர் மதிப்புக்குரியவர்.

கருவி எந்தத் தமிழில் பேச வேண்டும்?

தொடக்கத்தில் குறிப்பிட்ட இரண்டாவது காரணத்துக்கு இப்போது வருவோம். விழுங்கல் சிகிச்சையில் மருந்துக்கும் கத்திக்கும் உள்ள இடத்தைவிடச் சொல்லுக்கு உள்ள இடம் பெரிது. ‘நாக்கை மேலே அழுத்துங்கள்’, ‘மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்குங்கள்’, ‘விழுங்கியதும் இருமுங்கள்’ என்னும் கட்டளைகளின் வரிசையே இச்சிகிச்சை. ஒரு சொல் விளங்காவிடின் ஒரு தசை இயங்காது. மூச்சைப் பிடித்தபின் விழுங்க வேண்டியவர், விழுங்கியபின் மூச்சைப் பிடித்தால் காப்பு கேடாகிவிடும்.

கருவிகளும் செயலிகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பேசுகின்றன. அவற்றைத் தமிழாக்கினால் போதுமா? எந்தத் தமிழில் ஆக்குவது என்பதில்தான் வினா இருக்கிறது. ‘மோவாயைத் தாழ்த்தி உமிழ்நீரை விழுங்கவும்’ என்னும் தொடர் பிழையற்றது. பாடநூலுக்கும் இக்கட்டுரைக்கும் பொருந்துவது. வீட்டில் ‘தாவாக்கட்டை’, ‘எச்சில்’, ‘முழுங்குங்க’ என்று வாழ்நாள் முழுவதும் பேசிய மூதாட்டிக்கு, பக்கவாதம் வந்து சொல்லின் பொருளை உணர்வதே சுமையாகிவிட்ட நிலையில், அத்தொடர் அயல்மொழியைப் போலவே ஒலிக்கலாம். ‘தாவாக்கட்டையைக் கீழே இறக்கிக்கிட்டு எச்சிலை முழுங்குங்கம்மா’ என்றால் உடல் உடனே கீழ்ப்படிகிறது. எழுத்துத் தமிழின் தூய்மையைப் போற்றும் நாம், நோயாளியின் செவிக்கு எந்தத் தமிழ் எட்டும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். தமிழின் இரு வழக்குகளையும் அவற்றின் இடமறிந்து கையாள்வதே மொழித்திறன்.

விளியும் அவ்வாறே. இயந்திரக் குரல் ‘விழுங்கு’ என்று ஒருமையில் ஏவினால், முதியவர் முகம் சுளிப்பார். ‘ஐயா’, ‘அம்மா’, ‘பாட்டி’ என்று அழைத்து, ‘-ங்க’ சேர்த்துச் சொல்லும்போது அது ஏவலாகத் தோன்றாமல் வேண்டுகோளாக ஒலிக்கிறது. உயர்திணையில் மரியாதைப் பன்மை உடைய மொழி நம்முடையது. அதனைச் செயலிக்குக் கற்றுத்தருவது மொழி அறிந்தவரின் பொறுப்பு.

ஆசிரியப் பெருமக்கள் இதனை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லலாம். எட்டுப் பயிற்சிக் கட்டளைகளைத் தந்து, அவற்றை எழுத்து வழக்கிலும் பேச்சு வழக்கிலும் ஆக்குமாறு மாணவர்களைப் பணிக்கலாம். அவரவர் வீட்டு மூத்தோரிடம் மோவாய், அண்ணம், குரல்வளை ஆகியவற்றுக்கு என்ன சொல் வழங்குகிறார்கள் என்று கேட்டுவரச் செய்யலாம். தஞ்சை வழி வந்த குடும்பமும் யாழ்ப்பாண வழி வந்த குடும்பமும் தோட்டப்புறத்தில் வளர்ந்த குடும்பமும் வெவ்வேறு சொற்களைத் தரக்கூடும். அப்பட்டியலைப் பேச்சு சிகிச்சையாளர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்தால், அது மொழிப்பாடத்தின் செயல்திட்டமாகவும் மருத்துவமனைக்குப் பயன்படும் சொற்கோவையாகவும் அமையும். மாணவர்கள் தங்கள் குரலில் கட்டளைகளைப் பதிவுசெய்தும் தரலாம். நோயாளிக்குச் சிகிச்சை அளிப்பது மாணவரின் வேலையன்று. சிகிச்சையாளரின் சொல்லை மூத்தவரின் செவிக்குக் கொண்டுசேர்ப்பது அவரால் இயலும் வேலை.

மூத்தவர்களுடன் ஆங்கிலத்தில் உரையாட இயலாத இல்லங்களில், மருத்துவமனைக்கும் பாட்டிக்கும் இடையில் பாலமாக நிற்பவர் பெரும்பாலும் பேரப்பிள்ளையே. ‘தமிழ் படித்து என்ன பயன்?’ என்று இளையோர் கேட்கும்போது, அதற்குரிய விடைகளில் ஒன்று அந்தச் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்பதைப் பாட்டிக்குப் புரியும் சொல்லில் சொல்லத் தெரிந்த பிள்ளை, அவர் ஒரு மிடறு நீரை அச்சமின்றிப் பருகத் துணைநிற்கிறது.